கல்லூரிக் கணக்கின் இரண்டாம் பூட்டு: எந்தப் போனைப் பதிவு செய்வது?

உப்புவெளி மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையிலுள்ள ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு உப்புவெளிப் பக்கம். மின்னஞ்சல், பாடக் குறிப்பு, ஒப்படை, பரீட்சை விண்ணப்பம் எல்லாமே கல்லூரி தந்த மைக்ரோசொப்ட் கணக்கொன்றின் வழியாகவே நடக்கின்றன. இந்தத் தவணையிலிருந்து கடவுச்சொல்லோடு இரண்டாவது உறுதிப்பாடும் கட்டாயம் என்றும், இரண்டு வாரங்களுக்குள் அவரவர் சாதனத்தைப் பதிவு செய்துவிட வேண்டும் என்றும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். எப்படிப் பதிவது என்பது அதில் இருக்கிறது. எதைப் பதிவது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஒரு பழைய அன்ட்ரொயிட் போன். திரையின் மேல் வலது மூலையில் வெடிப்பு விழுந்து, அந்த இடம் தொட்டால் சில நாளில் வேலை செய்யும், சில நாளில் செய்யாது. இரவு நேரங்களில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி அதை வகுப்புக்கு எடுத்துக்கொள்வான். அதிலிருக்கும் சிம் அட்டை, கட்டாரில் வேலை செய்யும் அண்ணாவின் பெயரில் எடுத்தது. வீட்டிலுள்ள மற்றப் போன் அப்பாவின் பொத்தான் போன். அப்பா கடற்றொழில் செய்கிறவர். பின்னேரம் வள்ளத்தில் போனால் மறுநாள் விடியத்தான் கரைக்கு வருவார். போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுக் கட்டிக் கூடவே கொண்டு போவார். வீட்டில் கணினி இல்லை. கல்லூரிக் கணினிக்கூடத்திலோ போனிலோதான் கணக்கைத் திறக்கிறேன்.

இப்படியிருக்க, குறியீடு குறுஞ்செய்தியில் வரும் முறையைத் தெரிவு செய்வதா, குறியீட்டைப் போனிலேயே காட்டும் ஒதென்டிகேட்டர் செயலியைத் தெரிவு செய்வதா? அப்பாவின் எண்ணையும் சேர்த்து வைத்தால் உதவுமா? என் போன் ஒரு நாள் முற்றாகச் செத்துப்போனால் கணக்குக்குள் நுழைய என்ன வழி? பரீட்சை விண்ணப்பம் திறக்கும் கிழமையில் அப்படி நடந்துவிடுமோ என்ற பயத்தில்தான் கேட்கிறேன்.


கணினிக்கூடத்துச் சாவி (பதில்)

தங்கைக்கு வணக்கம். நான் நகரிலே ஒரு கல்வி நிறுவனத்தின் கணினிக்கூடத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறவன். இந்த இரண்டாம் உறுதிப்பாடு வந்த நாளிலிருந்து என் மேசைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கடவுச்சொல்லை மறந்தவர்கள் அல்லர், போனை மாற்றியவர்கள். ஆகவே அந்தப் பயம் வீண் பயமல்ல.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'போனைப் பதிவு செய்கிறோம்' என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் பதிவாவது போன் அல்ல. குறுஞ்செய்தி முறையைத் தெரிவு செய்தால் பதிவாவது ஓர் எண். அந்தச் சிம் அட்டையை எந்தப் போனில் போட்டாலும், ஐந்து வருடம் பழைய பொத்தான் போனில் போட்டாலும், குறியீடு அங்கே வரும். செயலி முறையைத் தெரிவு செய்தால் பதிவாவது, கியூஆர் குறிக்குள் எழுதப்பட்டிருக்கும் ஓர் இரகசியச் சரம். அது செயலிக்குள் போய் உட்கார்ந்துவிடும். சிம் அட்டைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சிம் தொலைந்தால் முதல் முறை போகும், இரண்டாவது முறை நிற்கும். போனுக்குள் நீர் புகுந்துவிட்டால் இரண்டாவது போகும், சிம்மைக் கழற்றி வேறொன்றில் போட்டு முதலாவதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஒரே போனில் இருந்தாலும் இவை இரண்டும் இரண்டு சாவிகள். அதனால் இதுவா அதுவா என்று கேட்க வேண்டாம், இரண்டையும் பதியுங்கள். இரண்டும் ஒரே பைக்குள் கிடப்பதால், மூன்றாவது ஒன்றை அந்தப் பைக்கு வெளியே வையுங்கள்.

இரண்டிலும் செயலியையே முதலாவதாக வையுங்கள். அதற்குக் காரணம் உண்டு. செயலி காட்டும் ஆறு இலக்கம் எங்கிருந்தும் வருவதில்லை. 1970ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து எத்தனை வினாடி ஓடியிருக்கிறது என்று போன் எண்ணிப் பார்த்து, அதை 30ஆல் வகுத்து, வரும் எண்ணையும் அந்த இரகசியச் சரத்தையும் சேர்த்துப் பிசைந்து ஆறு இலக்கத்தைப் பிழிந்தெடுக்கிறது. நுழைவைச் சரிபார்க்கும் மறுமுனைக் கணினியான சேவையகமும் தன் பக்கத்தில் அதே கணக்கைச் செய்து பார்க்கிறது. 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழினுட்ப ஆவணமாக வெளியான இந்த முறையைத்தான் ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் பின்பற்றுகின்றன. ஆகவே ரீலோட் தீர்ந்திருந்தாலும், சிக்னல் இல்லாவிட்டாலும், போனில் சிம்மே இல்லாவிட்டாலும் இலக்கம் வந்துகொண்டிருக்கும். மைக்ரோசொப்ட்டின் செயலியில் இதற்கு மேலாக இன்னொரு வசதியும் இருக்கிறது. நுழையும்போது கணினித் திரையில் ஓர் இரண்டிலக்க எண் தோன்றும். அதைப் போனில் வரும் அறிவிப்பில் அடித்து 'ஆம்' என்று அனுப்ப வேண்டும். அதற்கு டேட்டா வேண்டும். டேட்டா இல்லாத நாளில், நுழையும் பக்கத்தில் வேறு முறையைத் தெரிவு செய்து அதே செயலியின் ஆறு இலக்கத்தைப் பயன்படுத்தலாம். பலருக்கு இது தெரியாமல், அறிவிப்பு வரும் வரும் என்று காத்திருப்பார்கள்.

அப்பாவின் எண்ணை நான் சேர்க்கமாட்டேன். அவர் வள்ளத்திலிருக்கும் இரவில்தான் நீங்கள் ஒப்படை அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். குறியீடு ஆழ்கடலில் பொலித்தீன் பைக்குள் ஒலித்துவிட்டு, விடிவதற்குள் காலாவதியாகியிருக்கும். மூன்றாவது சாவியை நடந்து போய் எட்டக்கூடிய இடத்தில், நீங்கள் முழுதாக நம்பும் ஒருவரின் ஸ்மார்ட் போனில் வையுங்கள். அவருடைய போனில் ஒதென்டிகேட்டர் செயலியொன்றை நிறுவி உங்கள் கணக்கை அதில் சேர்த்தால் போதும். மைக்ரோசொப்ட்டின் கல்விக் கணக்கில் இப்படி ஐந்து செயலிகள் வரை பதியலாம். ஒன்றோடு நின்றுவிட வேண்டுமென்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பதியும் வேலையைக் கணினிக்கூடத்திலேயே செய்யுங்கள். கணக்கின் 'பாதுகாப்புத் தகவல்' பக்கத்தைக் கணினியில் திறந்து, புதிய முறையைச் சேர்க்கக் கொடுத்து, திரையில் வரும் கியூஆர் குறியைப் போனால் வாசிக்க வேண்டும். போனிலேயே பக்கத்தைத் திறந்தால் அதே போனின் கமராவால் அதை வாசிக்க முடியாமல் அல்லாட வேண்டிவரும். கியூஆர் குறியை எவரும் படமெடுக்க விடாதீர்கள். நீங்களும் எடுத்து வட்ஸ்அப்பில் எவருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் படம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமும் உங்கள் இலக்கங்கள் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடாமல், உலாவியில், முன்பு நுழைந்ததை நினைவில் வைக்காத மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு முறையாலும் ஒரு தடவை நுழைந்து பாருங்கள். ஏதாவது ஒன்று தவறினால் திருத்துவதற்குப் பழைய சாளரம் திறந்தபடியே இருக்கும். 'இந்தச் சாதனத்தில் இனிக் கேட்க வேண்டாம்' என்ற கட்டத்தைக் கணினிக்கூடத்தில் ஒருபோதும் தெரிவு செய்ய வேண்டாம். அடுத்த மணித்தியாலத்தில் அந்தக் கதிரையில் வேறொருவர் உட்காருவார்.


மூதூர்ப் படகு (பதில்)

மேலே எழுதிய சேர் சொன்ன 'போனை மாற்றியவர்கள்' கூட்டத்தில் நானும் ஒருவன். என் கதையைச் சொன்னால் தங்கச்சிக்கு உதவும்.

சென்ற வருடம் பழைய போனைக் கடையில் கொடுத்து, மேலதிகமாகக் காசு கட்டிப் புதியது வாங்கினேன். கடைப் பொடியன் கெட்டிக்காரன். தொடர்பெண்கள், படங்கள், வட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் மாற்றித் தந்தான். பழைய போனை என் கண்முன்னாலேயே முழுதாக அழித்துக் காட்டினான். எனக்கும் அதுதான் பாதுகாப்பு என்று பட்டது. மூதூருக்குத் திரும்பி ஒதென்டிகேட்டரைத் திறந்தபோது என் கல்லூரிக் கணக்கின் பெயர் பட்டியலில் நேர்த்தியாக நின்றது. உள்ளே தட்டினால், கியூஆர் குறியை மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டது. கல்விக் கணக்குகளுக்கு அந்தச் செயலியின் காப்புப்பிரதி பெயரை மட்டுமே கொண்டுவருகிறது, சாவியைக் கொண்டுவருவதில்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது. மீண்டும் வாசிக்கக் கியூஆர் குறி வேண்டும். கியூஆர் குறிக்குக் கணக்கினுள் நுழைய வேண்டும். நுழைவதற்கு அழிந்துபோன பழைய போன் வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான்.

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம். ஞாயிறு இரவு ஒப்படைக்குக் கடைசி நேரம். திங்கள் போயா விடுமுறை. குறுஞ்செய்தி எண்ணை நான் பதிந்திருக்கவில்லை. செயலி இருக்க அது எதற்கு என்று தாண்டிப் போயிருந்தேன். செவ்வாய்க்கிழமை விடியப் பேருந்தேறி, கிண்ணியாப் பாலம் கடந்து நகருக்கு வந்து, அலுவலக வாசலில் எனக்கு முன்னால் நின்ற ஏழு பேருக்குப் பின்னால் நின்றேன். தேசிய அடையாள அட்டையையும் மாணவர் அட்டையையும் பார்த்துவிட்டு, பொறுப்பாக இருந்த அக்கா ஒரு தற்காலிக நுழைவுச் சொல்லை உருவாக்கித் தந்தார். அது ஒரு மணித்தியாலம் மட்டுமே செல்லுபடியாகும் என்றும், அதற்குள் புதிய போனைப் பதிந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் செய்வோம் என்று எழும்பியிருந்தால் பாலத்தைத் தாண்ட முன்பே அது காலாவதியாகியிருக்கும். அங்கேயே சுவரோரம் குந்தியிருந்து பதிந்து முடித்தேன்.

ஒப்படைக்குப் பிந்திய சமர்ப்பிப்பு என்று புள்ளி குறைத்தார்கள். விளக்கக் கடிதம் கொடுத்தும் அது மாறவில்லை. அதிலே எனக்கு இன்னமும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் எண்ணைப் பதியாமல் விட்டது நான்தான் என்பதையும் மறுக்க முடியாது.

ஆகவே, புதிய போன் வாங்கினால் பழையதைக் கையில் வைத்துக்கொண்டே புதியதைப் பதிந்து, புதியதால் ஒரு தடவை நுழைந்து பார்த்து, அதன் பிறகு பாதுகாப்புத் தகவல் பக்கத்தில் பழையதை நீக்கி, கடைசியாகத்தான் பழைய போனை அழிக்க வேண்டும். நான் செய்தது இதன் தலைகீழ் வரிசை.


பழைய கணக்காளன் (பதில்)

சேரின் விளக்கம் நன்று. இரண்டு இடங்களில் மட்டும் நான் வேறுபடுகிறேன்.

முதலாவது, குறுஞ்செய்தியைச் சற்றுக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. கூகுள் நிறுவனம் 2019இல் நியூயோர்க் பல்கலைக்கழகம், சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பதிந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திக் குறியீடு மட்டுமே தானியங்கித் தாக்குதல்களை 100 சதவீதமும், மொத்தமாக வீசப்படும் ஏமாற்று வலைகளை 96 சதவீதமும், ஒரு தனியாளைக் குறிவைத்து நடத்தப்படும் தாக்குதல்களை 76 சதவீதமும் தடுத்ததாகக் கண்டார்கள். திரை வெடித்த போனை வைத்திருக்கும் ஒரு மாணவியை யாரும் தனியாகக் குறிவைக்கப் போவதில்லை. தொடுதிரை ஒரு நாள் முற்றாகக் கைவிட்டால் செயலியைத் திறக்கவே முடியாது. சிம்மைக் கழற்றி அயல்வீட்டுப் போனில் போட்டால் குறியீடு வந்துவிடும். இவரைப் பொறுத்தவரை நடைமுறைக்கு உகந்தது எண்தான்.

ஆனால் அந்த எண் அண்ணாவின் பெயரில் இருக்கிறதே, அதுதான் உண்மையான ஓட்டை. சிம் தொலைந்தாலோ பழுதானாலோ அதே எண்ணுக்குப் புதிய அட்டை எடுக்க, எவருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் நிறுவனத்திடம் போய் நிற்க வேண்டும். அண்ணா கட்டாரிலிருந்து வந்து நிற்க முடியாது. நம் ஊரில் பாதி வீட்டில் நிலைமை இதுதான்: பிள்ளை பாவிக்கும் எண் தகப்பனின் பெயரில், தாய் பாவிப்பது வெளிநாட்டிலிருக்கும் மகனின் பெயரில். ஆகவே ஒன்றில் அண்ணா ஊர் வரும்போது எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் பெயரில் ஒரு சிம் எடுத்து அதையே கல்லூரிக் கணக்கில் பதியுங்கள். இரண்டாவது வழியைத் தெரிவு செய்தால், பாவிக்காமல் போட்டுவைத்த முற்கொடுப்பனவு எண்ணை நிறுவனங்கள் ஒரு காலத்துக்குப் பிறகு துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடைக்கிடை ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வேறொருவரின் போனில் சாவி வைப்பது. இலக்கம் மட்டும் இருந்தால் கணக்கைத் திறக்க முடியாது, கடவுச்சொல்லும் வேண்டும் என்பது சரியே. ஆயினும் சில நிறுவனங்கள் மறந்த கடவுச்சொல்லை மீட்பதற்கும் இதே முறைகளையே பயன்படுத்த அனுமதிக்கின்றன. அப்படியான இடத்தில் உங்கள் இலக்கம் வைத்திருப்பவர் உங்கள் கடவுச்சொல்லையே மாற்றக்கூடும். எந்த முறைகளைக் கொண்டு கடவுச்சொல்லை மீட்கலாம் என்று உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. 'தவறுதலாக என் குறியீடு உங்கள் எண்ணுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் சொல்ல முடியுமா' என்று தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே செய்தி வரும். அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். குறியீடு கேட்பவர் யாராக இருந்தாலும், அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்றாலும், சொல்லக் கூடாது.


கணினிக்கூடத்துச் சாவி (பதில்)

சிம் பற்றி ஐயா சொன்னதை முழுதாக ஏற்கிறேன். அதை நான் கவனிக்காமல் விட்டது என் பிழை. கடவுச்சொல் மீட்பைப் பற்றிக் கேட்கச் சொன்னதும் சரி.

குறுஞ்செய்தி பற்றி ஒரு வார்த்தை மட்டும். போலிப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் குறுஞ்செய்திக் குறியீட்டையும் கொடுத்துவிடுவோம், செயலியின் ஆறு இலக்கத்தையும் கொடுத்துவிடுவோம். அந்த வகையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போலிப் பக்கத்தில் வேலையே செய்யாதவை கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனோ கணினியோ வைத்திருக்கும் மின்சாவியான பாஸ்கீயும் (கடவுத்திறவு), யூஎஸ்பி வடிவில் வரும் பாதுகாப்புச் சாவியும்தான். உண்மையான இணைய முகவரியோடு பிணைந்திருப்பதால், ஓர் எழுத்து மாறிய முகவரிக்கு அவை வாய் திறப்பதில்லை. கல்லூரி அனுமதித்தால் ஒரு காலத்தில் அவற்றுக்கு மாறலாம். இப்போதைக்குத் தங்கையிடம் அதற்குக் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

கேளாத வேளையில் போனில் 'நுழைய அனுமதிக்கிறீர்களா' என்று அறிவிப்பு வந்தால் மறுத்துவிட்டு அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2022 செப்டெம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் புகுந்தது, ஓர் ஒப்பந்த ஊழியரின் போனுக்கு அறிவிப்பின் மேல் அறிவிப்பாக அனுப்பிச் சலிப்பூட்டி, கடைசியில் 'ஆம்' என்று அமத்த வைத்துத்தான். மைக்ரோசொப்ட் தன் செயலியில் அந்த இரண்டிலக்க எண்ணை 2023 மே மாதம் முதல் எல்லோருக்கும் கட்டாயமாக்கியதும் இத்தகைய அமத்தல்களைத் தடுக்கவே.


உப்புவெளி மாணவி (பதில்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. அலுவலகத்தில் கேட்டேன், எங்கள் கல்லூரியில் கடவுச்சொல்லை நாமே மீட்க முடியாது, அடையாள அட்டையோடு நேரில்தான் வர வேண்டும் என்றார்கள். ஆகவே அந்தப் பயம் இல்லை. என் பெயரில் புதிய சிம் எடுத்து, அதை என் போனின் இரண்டாவது இடத்தில் போட்டு, அந்த எண்ணைப் பதிந்துவிட்டேன். அண்ணாவின் எண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் போனில் மைக்ரோசொப்ட் செயலியும் பதிவாகிவிட்டது. அறிவிப்பில் 'ஆம்' என்ற பொத்தான் திரையின் கீழ்ப்பக்கம் வருவதால் வெடித்த மூலை இடைஞ்சல் செய்யவில்லை.

மூன்றாவது சாவிக்கு அன்புவழிபுரத்திலிருக்கும் சின்னம்மாவைக் கேட்டேன். அவர் சனிக்கிழமை என்னோடு கணினிக்கூடத்துக்கே வந்தார். அவருடைய போனில் கூகுளின் ஒதென்டிகேட்டரை நிறுவி, பாதுகாப்புத் தகவல் பக்கத்தில் 'வேறொரு ஒதென்டிகேட்டர் செயலி' என்பதைத் தெரிவு செய்து கியூஆர் குறியை வாசித்தோம். கணக்கின் பெயர் வந்தது, ஆறு இலக்கமும் வந்தது. அந்த இலக்கத்தைக் கணினியில் அடித்து உறுதிப்படுத்தும் கடைசிப் படியில் 'குறியீடு தவறு' என்று வருகிறது. வட்டம் முழுதாகத் தொடங்கும் வரை காத்திருந்து, சின்னம்மா ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க நான் அடித்தேன். ஆறு தடவை செய்தோம். சேர்த்ததை அழித்துப் புதிய குறியை வாசித்தும் பார்த்தோம். அதே முடிவுதான். சின்னம்மாவின் போன் என்னுடையதை விடப் புதியது, டேட்டாவும் இருந்தது. எங்கே பிழை விட்டோம்?


கணினிக்கூடத்துச் சாவி (பதில்)

பிழை கியூஆர் குறியிலும் இல்லை, அடித்த விதத்திலும் இல்லை என்று நினைக்கிறேன். சின்னம்மாவின் போனில் நேரம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதே கணத்தில் உங்கள் போனில் என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள்.

முதற் பதிலில் சொன்னேனே, போனும் சேவையகமும் 1970இலிருந்து வினாடிகளை எண்ணி ஒரே கணக்கைத் தனித்தனியே செய்கின்றன என்று. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இரண்டின் கடிகாரமும் ஒத்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. அரை நிமிட வித்தியாசத்தைச் சேவையகம் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும். சில நிமிடம் விலகிவிட்டால், போன் காட்டுவது சரியான இலக்கமே என்றாலும் அது வேறொரு நேரத்துக்குரிய இலக்கம்.

நாட்டின் நேர வலயம் இதில் குறுக்கிடாது. 1996இல் இங்கே கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியதும் 2006இல் மறுபடி உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னாகக் கொண்டுவந்ததும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்படி இன்றைக்கு நடந்தாலும் செயலி கவலைப்படாது, ஏனென்றால் அது எண்ணுவது உலகப் பொது நேரத்தை. ஆனால் வலயம் தவறாக இருக்க, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் கையால் திருத்தி வைத்த போன்களில் இந்தப் பிரச்சினை வரும். பழுது பார்த்து வந்த போன்களிலும் கண்டிருக்கிறேன். அமைப்புகளில் திகதியும் நேரமும் என்ற பகுதிக்குப் போய், தானாகவே நேரத்தை எடுத்துக்கொள்ளும் தெரிவை இயக்கி, புதிய இலக்கம் வந்ததும் அடித்துப் பாருங்கள். குறியை மீண்டும் வாசிக்கத் தேவை வராது.


உப்புவெளி மாணவி (பதில்)

சேர், நீங்கள் சொன்னதேதான். இரண்டு போனையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் 4.12, சின்னம்மாவுடையதில் 4.17. கேட்டதற்குச் சின்னம்மா சிரித்துக்கொண்டே, தங்கச்சியைப் பள்ளிக்கூட வானுக்குப் பிந்தாமல் அனுப்புவதற்காகத் தானே ஐந்து நிமிடம் கூட்டி வைத்ததாகவும், அப்படி வைத்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது என்றும் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தில் இலக்கம் பத்துத் தடவை மாறிவிடுமே என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

தானியங்கி நேரத்தை இயக்கியதும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. மறைநிலைச் சாளரத்தில் மூன்று முறைகளாலும் தனித்தனியே நுழைந்து பார்த்துவிட்டேன். மூதூர் அண்ணா சொன்ன வரிசையை அட்டையொன்றில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

சின்னம்மாவுக்குத்தான் சிறு குறை. போன் சரியான நேரம் காட்டினால் வான் போய்விடும் என்கிறார். ஆகவே குசினிச் சுவரிலிருக்கும் கடிகாரத்தைக் கழற்றி, அதை ஐந்து நிமிடம் முன்னுக்கு வைத்து மாட்டிவிட்டு வந்தேன்.